ஸ்பிரிங் மாற்றிக் காரைத் தாழ்த்துகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன சனிக்கிழமை பக்கத்து வீட்டுத் தம்பி தன் மைவி காரைத் தாழ்த்திக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தால், சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்க, லோவர் ஆர்ம் (சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ்க்கை) போல்ட்டை மூச்சைப் பிடித்து முறுக்குகிறான். "நிறுத்துடா தம்பி" என்று கத்தியே விட்டேன். என் பழைய புரோட்டோன் வீரா காரில் நான் செய்ததும் இதே வேலைதான். பேராக்கில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் வாரக் கடைசியானால் வீட்டு வாசலில் காரை ஜேக்கில் ஏற்றும் பையன்கள் நிறைய. அவர்களுக்காகவே இது.

சக்கரம் தொங்கும்போது புஷ் போல்ட்டை இறுக்குவது

ஆர்மில் இருக்கும் ரப்பர் புஷ், பேரிங் மாதிரிச் சுழலாது. நடுவில் இரும்புக் குழல், வெளியே வளையம், இரண்டையும் பிடித்திருப்பது ரப்பர். போல்ட்டை இறுக்கினால் நடுக்குழல் அசையாமல் நின்றுவிடும். ஆர்ம் ஏறி இறங்க, ரப்பர்தான் முறுகிக் கொடுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டுக் காரை இறக்கினால், கார் சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுகிக் கிடக்கும். குழியில் விழுந்தால் இன்னும் முறுகும். சீக்கிரமே கிழியும்.

வீராவுக்குப் பின்னாலும் பல ஆர்ம்கள். அத்தனையையும் அப்படியே இறுக்கினேன். ஆறு மாதத்தில், செம்பனை லோரி ஓடும் தோட்டச் சாலையில் போனாலே 'டக் டக்' சத்தம். அதிர்வைத் தாங்கும் அப்சோபர்தான் காரணம் என்றார் போமன் (பட்டறை மெக்கானிக்). மாற்றினேன், சத்தம் போகவில்லை. கடைசியில் ஆர்மைக் கழற்றிப் பார்த்தால், ரப்பர் பிறை மாதிரிக் கிழிந்து, விரல் நகம் உள்ளே போகிறது. பிரஸ் போட்டு எல்லா புஷ்ஷையும் மாற்றிய செலவு ஸ்பிரிங் விலையைத் தாண்டிவிட்டது. இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, எப்படிச் செய்வது? போல்ட்டுகளைக் கையால் மட்டும் பூட்டுங்கள். நான்கு சக்கரத்துக்கும் கீழே ஒரே உயரத்தில் அகலமான பலகை வைத்துக் காரை இறக்கி, சக்கரம் உருளாமல் கட்டை கொடுத்து, காரை நாலைந்து முறை அமுக்கி விடுங்கள். அப்புறம் டார்க் ரெஞ்சை (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) மேனுவல் சொல்லும் அளவுக்கு வைத்து இறுக்குங்கள். கீழே நுழைய இடமில்லையா? வேலை தொடங்கும் முன்பே சக்கரத்தின் மையத்திலிருந்து அதற்கு மேலே உள்ள ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து வையுங்கள். ஸ்பிரிங் 35 மில்லிமீட்டர் இறக்கும் என்றால் அதைக் கழித்து, அந்த அளவு வரும்வரை ஆர்மின் வெளிமுனையை ஜேக்கால் தூக்கி இறுக்கலாம்.

நீங்கள் கழற்றாத ஆர்ம் போல்ட்டும் பழைய உயரத்தில் இறுக்கியதுதான். அதையும் தளர்த்தி, புது உயரத்தில் இறுக்குங்கள்.

ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்பிரசர் இல்லாமல் முன் ஸ்ட்ரட்டின் மேல் நட்டைக் கழற்றுவது

ஸ்ட்ரட் என்றால் அப்சோபரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தண்டு. அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்திருப்பது அந்த நட்டுதான். கழன்றால் ஸ்பிரிங் பாயும், உயிர் போகும்.

பழைய ஸ்பிரிங்கை வெட்டுவது

வெட்டுவதும் தீயில் சுட்டு இறக்குவதும் ஒரே கணக்குதான். இரண்டும் வேண்டாம்.

செம்மண்ணில் ஜேக் ஸ்டாண்டு

மழை பெய்த மறுநாள் நம்ம ஊர் மண் மேலே காய்ந்திருக்கும், உள்ளே களி. ஸ்டாண்டின் ஒரு கால் இறங்கினால் கார் சாயும். சிமெண்டுத் தரை இல்லையென்றால் வேலையைப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

அன்றைக்கே அலைன்மென்ட்

ஸ்பிரிங் அமர ஒரு வாரம் விட்டு, அப்புறம் அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) செய்யுங்கள். அதுவரை நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டாம். உயரம் மாறியதால் டோவும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மாறியிருக்கும், டயர் ஓரம் தேயும். அலைன்மென்ட் முடிந்ததும் இரவில் ஒரு சுவருக்கு எதிரே காரை நிறுத்தி முன்விளக்கின் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். முன்னும் பின்னும் ஒரே அளவு இறங்காமல் இருக்கலாம், அப்போது வெளிச்சம் மேலேயோ கீழேயோ போய்விடும்.