தாய்மொழி மங்குவதிலும் ஆங்கில உச்சரிப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெடுநாள் வேறு மொழிச் சூழலில் வாழ்பவர் தாய்மொழியில் பேசும்போது பாதியில் திணறினால், 'மொழியே மறந்துபோச்சு' என்று சுற்றியிருப்பவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது தவறு. பெரியவர்களுக்கு முதலில் தடுமாறுவது சொற்கள்தான், அதிலும் அடிக்கடி புழங்காத பெயர்ச்சொற்கள். வாக்கிய அமைப்பு நெடுங்காலம் குலையாமல் நிற்கும். ஒரு பொருளைக் காட்டிப் பெயர் கேளுங்கள். வரவில்லையென்றால் நான்கு சொற்களைச் சொல்லி எது சரி என்று கேளுங்கள். உடனே சரியாகச் சொன்னால் சொல் உள்ளேயே இருக்கிறது, எடுப்பதில்தான் தாமதம். அவருக்குத் தேவை பாடப்புத்தகம் அல்ல, அந்த மொழியில் மட்டுமே பேசியாக வேண்டிய ஆட்கள்.

குழந்தைகள் நிலை வேறு. ஏறக்குறைய 12 வயதுக்குள் தொடர்பு முற்றிலும் அறுந்தால் இழப்பு மிக ஆழமாக இருக்கும். 3 முதல் 8 வயதுக்குள் பிரான்சுக்குத் தத்துப்போன கொரியர்களை வளர்ந்தபின் சோதித்தபோது, அவர்களால் கொரிய வாக்கியங்களை இனங்காண முடியவில்லை. அந்த ஆய்வு 2003இல் வெளியானது. அதற்காக ஒன்றும் மிச்சமில்லை என்று கைவிட்டுவிடக் கூடாது. நெதர்லாந்துக்குத் தத்துப்போன கொரியர்களிடம் பின்னர் நடந்த ஆய்வில், கொரிய ஒலிகளைப் பயிற்றுவித்தபோது டச்சுக்காரர்களைவிட அவர்களே நன்றாகக் கற்றார்கள்.

ஆங்கிலச் சூழலில் வாழும் பெற்றோர் செய்யும் பெரிய தவறு, 'தாய்மொழி உச்சரிப்பு பிள்ளையின் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொள்ளும்' என்றோ 'ஆங்கிலம் கெட்டுவிடும்' என்றோ பயந்து வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறுவது. பிள்ளைகள் உச்சரிப்பைப் பெரும்பாலும் சக பிள்ளைகளிடமிருந்தே எடுக்கிறார்கள். வீட்டு மொழியைப் பலிகொடுத்து இதில் கிடைக்கும் ஆதாயம் எதுவுமில்லை. பிள்ளை தாய்மொழியில் பேசும்போது ஒவ்வொரு பிழையையும் நிறுத்தித் திருத்துவதும் வேண்டாம். வாயே திறக்காமல் போய்விடும். சரியான வடிவத்தை உங்கள் பதிலில் வைத்துச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.

ஆங்கிலத்திலேயே நெடுநாள் புழங்கினால் தாய்மொழி ஒலிகளும் நகரும். ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் வரும் ப, க போன்ற ஒலிகளோடு ஒரு மூச்சு வெடிக்கும். தமிழில் அது இல்லை. வாய்க்கு முன் மெல்லிய காகிதத்தைப் பிடித்துப் 'பால்' என்று சொல்லுங்கள். தாள் துள்ளினால் ஆங்கில மூச்சு ஏறிவிட்டது. இதை நடிப்பு என்று கேலி செய்வது அநியாயம். பேசுபவர் அறியாமலே நடப்பது இது. தாய்மொழிச் சூழலுக்குத் திரும்பியபின் சில மாதங்களில் ஒலி மீண்டும் நகர்வதும் உண்டு.

ஒரு சமூகம் தன் மொழியை விட்டாலும் அதன் ஒலி ஆங்கிலத்துக்குள் தங்கிவிடும். அயர்லாந்தில் 'ஃபில்ம்' (film) என்பதை இடையில் ஓர் உயிர் சேர்த்து 'ஃபிலம்' என்பார்கள். ஐரிஷ் மொழியின் பழக்கம் அது. ஐரிஷ் பேசத் தெரியாதவர் வாயிலும் வருகிறது. அதைக் குறையாகப் பார்ப்பவர், ஒரே சரியான ஆங்கிலம் இருப்பதாக எண்ணிக்கொள்கிறார். 'கார்' என்பதன் கடைசி ரகரத்தை ஸ்காட்லாந்தில் ஒலிப்பார்கள், ஆஸ்திரேலியாவில் ஒலிப்பதில்லை.

வட்டார ஆங்கிலத்துக்குக் காதைப் பழக்கும்போது தனித்தனிச் சொல்லாக மனப்பாடம் செய்யாதீர்கள். ஓர் உயிரொலி மாறினால் அந்த வகைச் சொற்கள் எல்லாமே சேர்ந்து மாறும். வட இங்கிலாந்தில் 'கப்', 'லவ்', 'சன்' மூன்றும் 'புட்' (put) என்பதன் உயிரொலியையே ஏற்கும். பேசும்போதோ, அமெரிக்க ரகரத்தை வரவழைக்கப் பாடுபடுவதைவிட அழுத்தத்தைக் கவனியுங்கள்: 'ஃபோட்டோகிராஃப்' முதல் அசையில், 'ஃபோட்டோகிராஃபி' இரண்டாம் அசையில். அழுத்தம் இடம் மாறினால் கேட்பவருக்குச் சொல்லே பிடிபடாமல் போகலாம்.