ஸ்மாயை மதுரை வாசகர் வட்டத்தில் அறிமுகம் செய்வது எப்படி

செர்பியக் கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான யோவன் யோவனோவிச் ஸ்மாய் பற்றி ஒன்றரை மணி நேரக் கூட்டம் நடத்துவதற்கான குறிப்பு இது. பேச ஒருவர், கவிதை வாசிக்க இருவர், எதிரில் முப்பது பேர் என்று கணக்கு.

முதலில் தேதியைச் சரிசெய்யுங்கள். ஒரு புத்தகத்தில் பிறப்பு 1833 நவம்பர் 24 என்றும் இன்னொன்றில் டிசம்பர் 6 என்றும் இருக்கும். இறப்புக்கும் 1904 ஜூன் 1, ஜூன் 14 என்று இரண்டு தேதிகள் கிடைக்கும். பிழை ஒன்றுமில்லை. அந்நாளைய செர்பியர்கள் ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றினார்கள். அது நம் நாட்காட்டிக்கு 19ஆம் நூற்றாண்டில் 12 நாளும், 1900க்குப் பிறகு 13 நாளும் பின்தங்கியது. பிறப்புக்குப் புதிய கணக்கு, இறப்புக்குப் பழைய கணக்கு என்று கலந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. கூட்டத்தில் கொடுக்கும் துண்டுத்தாளில் டிசம்பர் 6, ஜூன் 14 என்று புதிய கணக்கையே போடுங்கள்.

கூட்டத்தை ஜூன் நடுவில் ஒரு ஞாயிறு மாலை வைத்தால் நினைவுநாளுக்குப் பக்கமாக அமையும். சித்திரைத் திருவிழா நாட்களில் வேண்டாம். தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் யாரும் வந்துசேர முடியாது.

அடுத்தது காலவரிசை. இதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். பிறப்பு, படிப்பு, கவிதை நூல்கள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் “மொழிபெயர்ப்பும் செய்தார்” என்று ஒரு வரி ஒட்டினால் மனிதரின் பாதி காணாமல் போய்விடும். ஒரு ஏ4 தாளில் மூன்று பத்திகள் போடுங்கள்: அவர் எழுதியது, மொழிபெயர்த்தது, பிழைப்புக்குச் செய்த வேலை. முதல் இரண்டையும் ஆண்டுவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் நிரப்பினால் விஷயம் தானாகத் தெரியும். ஹங்கேரியக் கவிஞர் யானோஷ் ஆரன்யின் ‘தொல்டி’ காவியத்தை அவர் செர்பியத்துக்குக் கொண்டுவந்தது 1858இல். கீழை நாட்டுக் கவிதைகளின் தொகுப்பான ‘கிழக்கின் முத்து’ 1861இல் வந்தது. அவருக்குப் பெயர் வாங்கித்தந்த ‘ஜூலிச்சி’ (சின்ன ரோஜாக்கள்) காதல் கவிதைகள் 1864இல்தான். மற்றவர் கவிதையில் கைபழகிவிட்டுத்தான் தன் கவிதைக்கு வந்திருக்கிறார்.

மூன்றாவது பத்தியும் சுவையானது. சட்டம் படிக்கப் போனார். 1863இல் பெஸ்ட் நகரில் (இன்றைய புடாபெஸ்டின் ஒரு பாதி) செர்பிய மாணவர் விடுதியான தெகெலியானுமில் பொறுப்பேற்றார். அங்கே இருந்துகொண்டே மருத்துவம் படித்து 1870இல் பட்டம் பெற்றார். பிறகு ஊர் ஊராக மாறி வைத்தியம் பார்த்தார். மனைவி ரூஜாவையும் குழந்தைகளையும் காசநோய் கொண்டுபோனது. அந்தத் துயரத்தில் எழுதியவையே 1882இல் வந்த ‘வாடிய ஜூலிச்சி’. இதைச் சொல்லும்போது குரலை உருக்க வேண்டாம். 1864, 1882 இரண்டிலிருந்தும் ஆளுக்கொரு கவிதையை அடுத்தடுத்து வாசித்தால் போதும்.

பேச்சின் நடுப்பகுதிக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். அதை முழுக்க 1848–49க்குக் கொடுத்துவிடுங்கள். ஸ்மாய் பிறந்த நோவி சாத், தன்யூப் கரையில், அன்று ஆஸ்திரியப் பேரரசுக்குள் இருந்த ஊர். ஆஸ்திரிய ஆட்சியை எதிர்த்த ஹங்கேரியப் புரட்சியின்போது அங்கிருந்த செர்பியர்களும் ஹங்கேரியர்களும் எதிரெதிரே நின்று சண்டையிட்டார்கள். 1849 ஜூனில் எதிர்க்கரை பெத்ரோவரதீன் கோட்டையிலிருந்து ஹங்கேரியப் படை பீரங்கியால் சுட்டதில் ஊரின் பெரும்பகுதி எரிந்தது. ஸ்மாய்க்கு அப்போது பதினைந்து வயது. பத்து வருடம் ஆவதற்குள் அந்த ஹங்கேரிய மொழியின் ஆரன்யை மொழிபெயர்க்க உட்கார்ந்தார். பிறகு அந்தப் புரட்சியின் கவிஞரான பெத்தோஃபியையும் மொழிபெயர்த்தார். இதைச் சொல்லாமல் விட்டால் அவர் ஒரு பட்டியலாகத்தான் தங்குவார். அன்றைய எல்லைகளோடு ஒரு வரைபடம் கட்டாயம் வேண்டும். இன்றைய செர்பியா வரைபடத்தைக் காட்டினால், செர்பியர் ஏன் பெஸ்டில் படித்தார் என்ற கேள்வியிலேயே நேரம் போய்விடும்.

புனைபெயரை யாராவது கேட்பார்கள். ஸ்மாய் என்றால் டிராகன். அவர் 1864இல் நடத்திய நையாண்டி இதழின் பெயர் அது. செர்பியம் எழுதப்படும் சிரில்லிக் எழுத்தில் அதன் முதல் எழுத்து 3 என்ற எண்ணைப் போலிருக்கும்; மிச்ச எழுத்துகள் ‘மே’ மாதம். பேரரசுக்குள் தன்னாட்சி கேட்டுச் செர்பியர்கள் கூடிய 1848 மே மாநாட்டை நினைவூட்டும் குறும்பு. கரும்பலகையில் எழுதிக் காட்டினால் அரை நிமிட வேலை.

பெயர்களைத் தமிழில் எழுதும்போது ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதாதீர்கள். செர்பியத்தில் முப்பது எழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒலி. இரண்டு மாலையில் படித்துவிடலாம். ஆங்கில ‘ஜே’ அங்கே ‘ய’. அதனால் ஜோவன் அல்ல, யோவன். ஆங்கிலக்காரர்கள் ‘இசட்-எச்’ என்று எழுதும் ஒலியைப் பார்த்ததும் நம் கை ‘ழ’ போடப் போகும். அது ஜ-வுக்கும் ஷ-வுக்கும் நடுவிலான ஒலி; ரூஜா என்று எழுதுவது கிட்டத்தில் வரும். அசை பல உள்ள சொல்லில் கடைசி அசையை அழுத்தி வாசிக்கக் கூடாது.

கவிதைகள் நான்கு போதும். ஆங்கிலத்தில் எளிதில் கிடைப்பவை நிகோலா டெஸ்லா வழியாக வந்தவை. ஆம், மின்சாரக் கண்டுபிடிப்பாளர் டெஸ்லாதான். 1894இல் ‘செஞ்சுரி’ இதழில் ஸ்மாய் பற்றி அவர் கட்டுரை எழுதினார். அவர் தந்த நேர்ப்பொருளை வைத்து அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் அண்டர்வுட் ஜான்சன் ஆங்கிலச் செய்யுளாக்கினார். தேடும்போது பழைய எழுத்துக்கூட்டலில் ‘ஸ்மை யோவான்’ (Zmai Iovan) என்றும், செர்பியன் என்பதை ‘செர்வியன்’ (Servian) என்றும் தட்டச்சு செய்தால்தான் அகப்படும். ஜான்சனின் எதுகைக்காகச் சேர்ந்த சொற்கள் மூலத்தில் இருக்காது. ஆகவே மூலத்தைப் பக்கத்தில் வைத்து, அகராதியோடு ஒவ்வொரு வரியையும் சரிபார்த்து, ஒட்டுச் சொற்களைத் தமிழில் உதறிவிடுங்கள். ‘லூக்கா பிலிப்பொவ்’ போர்க்களக் கதைப்பாட்டு. மதுரை வீரன் கதை கேட்ட காதுக்குச் சட்டென்று ஒட்டும். நான்கில் ஒன்று குழந்தைப் பாட்டாக இருக்கட்டும். 1880இல் ‘நேவென்’ என்ற சிறுவர் இதழைத் தொடங்கியவர் அவர். அந்தப் பாட்டைச் சந்தத்தோடு தமிழாக்குங்கள். வசன கவிதையாக்கினால் செத்துப்போகும்.

டெஸ்லாவுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் தராதீர்கள். 1892இல் பெல்கிரேடுக்கு வந்த அவரை ஸ்மாய் கவிதை வாசித்து வரவேற்றதைச் சொல்லிவிட்டு நகருங்கள். இல்லாவிட்டால் கூட்டம் மின்காந்தத்தில் போய் முடியும்.

நம்மூர்க் கொக்கி ஒன்று இருக்கிறது. ஸ்மாய் இறந்த 1904 ஜூனுக்கு அடுத்த மாதம், மதுரை ‘விவேகபாநு’ இதழில் பாரதியின் ‘தனிமை இரக்கம்’ அச்சானது. ஆகஸ்டில் அவர் வடக்கு வெளி வீதி சேதுபதி பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். இதைத் தொடக்கத்தில் ஒரு வாக்கியமாகச் சொல்லலாம். இருவரையும் ஒப்பிட்டு நீட்ட வேண்டாம், ஒப்பீடு தாங்காது.

துண்டுத்தாள் ஒரே தாள், இரு பக்கம்: முன்னால் காலவரிசையும் வரைபடமும், பின்னால் கவிதைகள். தமிழ் வரி ஆங்கிலத்தைவிட நீளும்; 12 புள்ளி எழுத்தில் இரண்டு பத்தியாக அடுக்கினால் வரி உடைந்து கவிதை நாசமாகும். ஒரே பத்தியாக அடித்து 35 ஜெராக்ஸ் எடுங்கள். ஒவ்வொரு கவிதையையும் விளக்கமில்லாமல் ஒருமுறை, பின்னணி சொன்ன பிறகு ஒருமுறை வாசிக்க வேண்டும். மின்விசிறிச் சத்தத்தில் பின்வரிசைக்குக் கேட்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

மொழிபெயர்ப்புகளைப் பின்னர் சிற்றிதழுக்கு அனுப்பலாம். இந்தியச் சட்டப்படி உரிமை ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரைதான். 1937இல் இறந்த ஜான்சன், 1943இல் இறந்த டெஸ்லா இருவருக்கும் அது முடிந்துவிட்டது. ஆனால் ‘செர்பிய மூலம்: ஸ்மாய், நேர்ப்பொருள்: டெஸ்லா, ஆங்கிலம்: ஜான்சன்’ என்று மூன்று பெயரும் கவிதையின் கீழேயே வர வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு இன்னொரு செர்பியக் கவிஞரான வாஸ்கோ போப்பாவை எடுப்பதாக இருந்தால் நிலைமை வேறு. அவர் 1991இலும், அவரை ஆங்கிலத்தில் தந்த சார்லஸ் சிமிக் 2023இலும் இறந்தார்கள். அச்சிட இருதரப்பிலும் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். கடிதத்தை ஆறு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள்.