பள்ளிப் பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கு அழைத்துப்போகும் முன்

சிங்கப்பூர் டூர் என்று நோட்டீஸ் போனதும் பெற்றோர் முதலில் கேட்பது, காசு எவ்வளவு என்று. பள்ளி முதலில் கேட்க வேண்டியது வேறு: பிள்ளையின் பெயர் எந்தெந்தத் தாளில் எப்படி இருக்கிறது? விசா, டிக்கெட், இன்சூரன்ஸ் மூன்றும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரோடு ஒத்துப்போக வேண்டும். ஆறு மாதம் முன்பே இதில் கைவைத்துவிடுங்கள்.

நமக்குத் தொல்லையே இனிஷியல்தான். பள்ளி ரிஜிஸ்டரில் 'ச. கார்த்திக்', ஆதாரில் 'கார்த்திக் எஸ்', பிறப்புச் சான்றிதழில் வெறும் 'கார்த்திக்'. பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிடுவது நல்லது. அதைக் காலியாக விட்டாலும் பாஸ்போர்ட் கைக்கு வரும். ஆனால் டிக்கெட் எடுக்கும்போது அந்தக் கட்டத்தில் ஏதாவது ஒன்றை நிரப்பியாக வேண்டும், அதை விமானக் கம்பெனிக்குக் கம்பெனி ஒவ்வொரு மாதிரி செய்வார்கள். நாற்பது பிள்ளைகளில் ஐந்து பேருக்கு அப்படி ஆனால் கவுன்டரில் ஐந்து முறை நிற்க வேண்டும். பெற்றோரிடம் பெயரை வாயால் கேட்டு எழுதாதீர்கள். ஆதார், பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் மூன்றின் நகலையும் வாங்கி, ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். திருத்தம் வேண்டுமானால் முதலில் ஆதார், பிறகுதான் பாஸ்போர்ட். பதினைந்து வயது தாண்டிய பிள்ளையின் ஆதாரில் பயோமெட்ரிக் (கைரேகை, கருவிழிப் பதிவு) புதுப்பித்தாயிற்றா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

அடுத்தது காலாவதித் தேதி. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் பாஸ்போர்ட் ஐந்து வருடம் அல்லது பதினெட்டு வயது முடியும்வரை, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான் செல்லும். சிங்கப்பூருக்குள் நுழைய ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். பதினேழே முக்கால் வயதுப் பிளஸ் டூ மாணவனின் பாஸ்போர்ட் பார்க்கப் புதிதாக இருக்கும், ஆனால் மூன்றே மாதத்தில் செத்துவிடும். அதை வைத்துக்கொண்டு அவனால் போக முடியாது. புதிதாக எடுக்கும்போது 15 வயது முடிந்தவர்கள் பத்து வருட பாஸ்போர்ட்டையே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். ஐந்து வருடத்துக்கு 1,000.

விண்ணப்பத்தோடு அனெக்ஸர் டி என்கிற உறுதிமொழியில் அப்பா, அம்மா இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கப்பலில் வேலை பார்க்கும் அப்பா, பிரிந்து போன அப்பா என்று நம் வடசென்னைப் பகுதியில் இது அடிக்கடி தடைபடும். ஒருவரின் சம்மதம் கிடைக்காத நிலையில் மற்றவர் கொடுப்பதற்கு அனெக்ஸர் சி இருக்கிறது. இதை மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் கேட்க வேண்டாம். அந்த அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கமிருந்து போக அமைந்தகரை பாஸ்போர்ட் சேவா கேந்திராதான் கிட்டம். அப்பாயின்ட்மென்ட் அன்று பிள்ளையும் கூடப் போக வேண்டும்.

பெற்றோர் கூட்டத்தை ஞாயிறு காலையில் வைக்காதீர்கள். காசிமேடு மீன் சந்தையில் வியாபாரம் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி என்றால் ஹார்பர் ஷிஃப்ட் முடித்தவர்களும் வருவார்கள். தவணையிலும் ஒரு கணக்கு உண்டு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் கிடக்கும் அந்த 61 நாளில் பெரிய தவணை வைத்தால் வட்டிக்கு வாங்கிக் கட்டுவார்கள், அல்லது பெயரை எடுத்துவிடுவார்கள். வெளிநாட்டு டூர் பேக்கேஜ் என்பதால் டி.சி.எஸ். வரியும், அதாவது ஏஜென்ட் முன்கூட்டியே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரியும், பிடிப்பார்கள். அது யாருடைய பான் எண்ணில் பிடிக்கப்படுகிறது என்று ஏஜென்ட்டிடம் எழுத்தில் வாங்குங்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால்தான் அதைக் கழிக்கவோ திரும்பப் பெறவோ முடியும் என்பதைப் பெற்றோருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும்.

இந்தியர்களுக்குச் சிங்கப்பூர் விசா கட்டாயம். அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் வழியாகத்தான் போடுவார்கள். போட்டோ வெள்ளைப் பின்னணியில் கேட்பார்கள். வெள்ளை யூனிஃபார்ம் சட்டையோடு எடுத்தால் தோளும் சுவரும் ஒன்றாகிவிடும், கலர் சட்டை போட்டு வரச் சொல்லுங்கள். விசா தாள் வந்ததும் பாஸ்போர்ட் எண்ணை ஒத்துப் பாருங்கள். எஸ்.ஜி. அரைவல் கார்டு என்கிற சிங்கப்பூர் வருகைப் படிவம், போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டியது, இலவசம். காசு கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை.

மருத்துவப் படிவம்தான் எல்லாவற்றிலும் நாசூக்கானது. வீசிங், வலிப்பு, தூக்கத்தில் நடப்பது, படுக்கையில் சிறுநீர் போவது என்று எதை எழுதினாலும் பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று பெற்றோர் மறைப்பார்கள். 'எழுதினால் நீக்க மாட்டோம், எழுதாமல் அங்கே வந்தால்தான் சங்கடம்' என்று படிவத்தின் தலையிலேயே அச்சடித்துவிடுங்கள். உறையில் போட்டு ஒட்டி, ஒரே ஒரு ஆசிரியரிடம் கொடுக்கட்டும். மருந்தை அட்டையோடும் டாக்டர் சீட்டோடும் கொண்டுவர வேண்டும். டப்பாவில் கொட்டிக் கொண்டுவரக் கூடாது. இன்ஹேலர் கைப்பையில் இருக்கட்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை வகைகளுக்கு அங்கே முன் அனுமதி வேண்டும், டாக்டரிடம் மாற்று கேளுங்கள்.

இனி பேக். பிள்ளையே அடுக்கட்டும், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். அம்மா அடுக்கினால் மூன்றாம் நாள் அவனுக்கு உள்ளாடை எங்கே இருக்கிறது என்று தெரியாது. கைப்பை பெரும்பாலும் ஏழு கிலோ. மளிகைக் கடைத் தராசில் ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான், பெரிய பெட்டியில் கூடாது. 20,000 எம்.ஏ.ஹெச். என்றால் சுமார் 74 வாட்-அவர், நூறுக்குள் இருப்பதால் தடையில்லை. ஊறுகாய் திரவக் கணக்கில் சேரும், மிளகாய்ப் பொடியைக் கைப்பையில் விடமாட்டார்கள், கொப்பரை பெட்டியிலும் ஆகாது. கசகசா சிங்கப்பூரில் தடை செய்யப்பட்ட பொருள், வீட்டில் அரைத்த மசாலாவில் அது இருந்தால் அந்தப் பொடியே வேண்டாம். சூயிங்கம், இ-சிகரெட் இரண்டுக்கும் அங்கே தடை. பெரிய பிள்ளைகளிடம் இரண்டாவதைக் கூச்சப்படாமல் பேசுங்கள். கருவாடு வைக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். பையில் நாற்பது பேர் துணிக்கும் மணம் ஏறும் என்று சொன்னால் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்கள்.

அங்கே பிளக் மூன்று செவ்வகக் கால் வகை, நம் சார்ஜர் சேராது. நாலு பேருக்கு ஒரு அடாப்டர் போதும். ஒரு ஸ்வெட்டர் கண்டிப்பாக வேண்டும். வெளியே நம் ஊர் புழுக்கம்தான், ஆனால் ரயிலிலும் மாலிலும் ஏசி உறையவைக்கும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், காலி பாட்டில் எடுத்துப்போங்கள். எம்.ஆர்.டி. என்கிற அங்கத்து மெட்ரோ ரயிலில் சாப்பிடவோ தண்ணீர் குடிக்கவோ கூடாது, 500 டாலர் வரை அபராதம். எஸ்கலேட்டரில் இடப்பக்கம் நிற்பது வழக்கம். செலவுக்கு இரண்டு, ஐந்து, பத்து டாலர் நோட்டுகளாகக் கொடுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் பள்ளி மைதானத்தில் ஒரு ஒத்திகை. பெயரைக் கூப்பிட்டு எண்ணாமல் ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்து, ஒன்று முதல் நாற்பது வரை அவர்களே வரிசையாகக் கத்தட்டும். அரை நிமிடத்தில் யார் இல்லை என்று தெரிந்துவிடும். தொலைந்துபோனால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், தேடிப் போகக் கூடாது. அவசர எண்கள் அங்கே போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 995. அடையாள அட்டையின் பின்னால் ஹோட்டல் முகவரியோடு எழுதுங்கள். பாஸ்போர்ட்டுகள் ஆசிரியரிடம் இருக்கட்டும், பிள்ளையிடம் நகல். பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம், அவர்களின் அடையாள அட்டை நகலோடு, இமிக்ரேஷனில் கேட்டால் காட்டத் தயாராக ஒரே ஃபைலில் இருக்க வேண்டும்.

போன் விஷயத்தை முன்கூட்டியே பேசித் தீர்த்துவிடுங்கள். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இரவு எட்டரைக்குப் பிள்ளை பேசினால் இங்கே ஆறு மணி. ஒரு நாளைக்கு ஒரு தடவை, அந்த நேரத்தில் மட்டும். மற்ற நேரம் வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியர் போடும் ஒரு வரிச் செய்தி போதும்.

கடைசியாகத் தேதி. நள்ளிரவு தாண்டிய விமானத்தில்தான் குழப்பம் வரும். டிக்கெட்டில் 15-ஆம் தேதி 1.30 என்று இருந்தால், கிளம்ப வேண்டியது 14-ஆம் தேதி ராத்திரி. நோட்டீஸில் '14-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, இரவு 9.30-க்கு ஏர்போர்ட் வாசலில்' என்று கிழமையோடு எழுதுங்கள், விமான நேரத்தைப் பெரிதாகப் போடாதீர்கள். விம்கோ நகரிலிருந்து மெட்ரோ நீல வழித்தடம் மாறாமல் நேரே ஏர்போர்ட் வரை போகிறது, சுமார் ஒரு மணி நேரம் வையுங்கள். வழியனுப்ப வரும் பாட்டி, சித்தப்பா குடும்பத்துக்கும் அதுவே வசதி. திரும்பும்போது மட்டும் கடைசி ரயில் சுமார் பதினொரு மணிக்கு என்பதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.