அம்மம்மாவின் பட்டுச்சேலையோடு ஊருக்கு

அம்மம்மாவின் கூறையை, அதாவது கலியாணப் பட்டுச்சேலையை, ஊர்க் கலியாணத்தில் ஒருதரம் கட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளைகள் இப்போது கூடிவிட்டார்கள். நல்ல ஆசை. ஆனால் நாற்பது ஐம்பது வருடம் றங்குப்பெட்டியில் மடிந்து கிடந்த பட்டு, விமானத்திலும் ஹயஸ் வானிலும் ஒரு முழுநாள் பயணித்து, 32 பாகை வெயிலில் இறங்கி, சனத்துக்குள் நாலைந்து மணி நேரம் நிற்கப் போகிறது. அது தாங்குமா என்பதை யாழ்ப்பாணத்தில் கலியாணத்துக்கு முதல்நாள் இரவு கண்டுபிடிக்கக் கூடாது. புறப்பட ஆறு கிழமை இருக்கும்போதே சேலையை வெளியில் எடுங்கள்.

முதலில் சோதனை

கையைக் கழுவித் துடைத்து, மோதிரம் வளையலைக் கழற்றிவிட்டு, கட்டிலில் வெள்ளைப் பருத்தி விரிப்பைப் போட்டு அதன்மேல் சேலையை விரியுங்கள். தூக்கி உதற வேண்டாம். ஒவ்வொரு முழமாக யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மடிப்பு விழுந்த கோட்டில் ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அங்கே இழை அறுந்துகொண்டிருக்கிறது. பழைய பட்டு பெரும்பாலும் இப்படித்தான் போகிறது: வருடக்கணக்காக ஒரே கோட்டில் மடிந்த பட்டிழை காய்ந்து விறைத்துவிடும். சரிகை பட்டைவிடக் கனமும் விறைப்பும் கூடியது. மடிப்பில் அது பக்கத்துப் பட்டிழையை அரம்போல் அறுக்கும். அதனால் முதலில் விடுவது கரையும் முந்தானையும் மடியும் இடங்கள்.

அடுத்தது பெருவிரல் சோதனை. இடுப்பில் செருகப்படுகிற உள்தலைப்புப் பகுதியில், இரண்டு பெருவிரலையும் ஓர் அங்குல இடைவெளியில் வைத்து மெதுவாக, மிக மெதுவாக, எதிர்ப்பக்கம் இழுங்கள். துணி கொஞ்சம் கொடுத்துத் திரும்பினால் உயிர் இருக்கிறது. மெல்லிய சரசரப்புக் கேட்டாலோ, விரலில் பட்டுத்தூள் ஒட்டினாலோ அந்தச் சேலையைக் கட்ட வேண்டாம். எந்தத் தையலும் அதைத் திருப்பித் தராது. பட்டு போய்க் கரை மட்டும் உறுதியாக இருந்தால், கரையைப் பிரித்துப் புதுப் பட்டில் வைத்துத் தைக்கலாம்.

ஈரத்தில் சாயம் இறங்குமா என்றும் பார்க்க வேண்டும். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த வெள்ளைப் பஞ்சை, செருகலுக்குள் மறைகிற ஓர் ஓரத்தில் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பஞ்சு சிவந்தால் வியர்வையிலும் இறங்கும். பழைய அரக்கும் சிவப்பும் அடிக்கடி இப்படிச் செய்யும். அந்தச் சேலைக்கு வெளிர்நிறச் சட்டையும் வெள்ளை உள்பாவாடையும் கூடாது.

சிறிய கிழிசலுக்கு, அதே நிறத்தில் மெல்லிய பட்டுத்துணியை உள்பக்கம் வைத்து, கிழிசலைச் சுற்றி 2 செ.மீ. தள்ளி நல்ல துணியில் ஊசி இறங்குகிறமாதிரி ஒற்றைப் பட்டுநூலால் தளர்வாகத் தையுங்கள். அயனால் ஒட்டுகிற துணியும் பசையும் வேண்டாம். ஒட்டிய இடம் விறைத்து அதன் ஓரத்தில் அடுத்த கிழிசல் தொடங்கும்.

சரிகை கறுத்திருந்தால் விட்டுவிடுங்கள். அந்தக் காலத்துக் காஞ்சிபுரச் சரிகை, பட்டிழையில் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றி மேலே பொன்முலாம் பூசியது. காற்றிலுள்ள கந்தகமும் வியர்வை உப்பும் பட்டு வெள்ளி கறுக்கிறது. பற்பசை, புளி, வெள்ளி துலக்குகிற மருந்து எதைப் போட்டாலும் கறுப்போடு பொன்முலாமும் போய்விடும். உண்மைச் சரிகையா என்று அறிய நெருப்பில் காட்டவும் வேண்டாம். முந்தானை நுனியில் பிரிந்து நிற்கிற ஒரு சரிகையை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிந்தால் பெரும்பாலும் நல்ல சரிகைதான்.

எந்தச் சேலை, எந்த நாளுக்கு

காஞ்சிபுரம் என்றால் எடையை யோசியுங்கள். கனத்த சரிகைக் கூறை ஒரு கிலோவுக்கு மேலும் போகும்; பழைய பட்டில் அந்தப் பாரம் முழுவதும் தோளில் குத்துகிற ஓர் ஊக்கில் தொங்கும். கூறைநாட்டுச் சேலை பட்டும் பருத்தியும் கலந்த கட்டம் போட்ட நெசவு; வியர்வைக்கு இதமானது, கையில் இருந்தால் இதையே முதலில் எடுங்கள். மணிப்பூரிச் சேலை வைத்திருந்த வீடுகளில் அது இன்னும் உறுதியாக இருக்கும். 1970–77 இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இந்தியச் சேலை கிடைப்பதே பாடு. அக்காலத்து வீடுகளில் ஒரேயொரு நல்ல சேலை எல்லாக் கலியாணத்துக்கும் போய்வந்திருக்கும். அதில் செருகல் பகுதி நிச்சயம் நைந்திருக்கும், கவனமாகப் பாருங்கள். நைலோன் துணியான நைலெக்ஸ் சேலை கிழியாது. ஆனால் காற்று விடாது, தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். குத்துவிளக்கு ஏற்றப் போகிறவர் அதைக் கட்டக் கூடாது.

நாளைத் தெரிவதில் எங்கள் கருத்து உறுதியானது. நல்லூர்த் தேருக்குப் பழைய பட்டு வேண்டாம். மணல் வீதி, நெரிசல், கொடுவெயில், யாரோ ஒருவரின் கால் முந்தானையில். 25 நாள் திருவிழாவில் சனம் குறைந்த ஒரு மாலைப் பூசைக்குக் கட்டுங்கள். கலியாணத்தில், தாலிக்குப் பொன் உருக்குகிற பொன்னுருக்குச் சடங்கு நல்ல நேரம்: வீட்டுக்குள், இரண்டு மணி நேரம், கிட்டடிச் சொந்தம் மட்டும். அம்மம்மாவின் சேலையை அடையாளம் கண்டு தொட்டுப் பார்க்கிறவர்களும் அங்கேதான் இருப்பார்கள். தை மாதக் கலியாணம் என்றால் வெக்கை குறைவு, முழுநாளும் கட்டலாம். ஐப்பசி கார்த்திகையில் மழை. பட்டில் நீர்த்துளி பட்டால் வளையமாகக் கறை நிற்கும்.

சட்டை

பழைய சட்டையை நம்பிப் போகாதீர்கள். அக்குள் பகுதி வியர்வையில் உக்கியிருக்கும், கையைத் தூக்கியவுடன் பிரியும். அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, புதிதாக 80 செ.மீ. முதல் ஒரு மீற்றர் வரை துணியெடுத்து, பருத்தி உள்துணி கொடுத்துத் தையுங்கள். இரண்டு விஷயத்தைத் தையல்காரரிடம் சொல்லுங்கள்: இடது தோள் மூட்டில் உள்ளே ஒரு பட்டி கூடுதலாக வைக்க வேண்டும், ஊக்கு அதில்தான் நிற்கும், அக்குளில் கழற்றிக் கழுவக்கூடிய பருத்தித் துண்டு வேண்டும். கலியாண மாதத்தில் ஊர்த் தையல்காரரிடம் அவசரம் சொல்லிப் பயனில்லை, புறப்படுமுன் தைத்துப் போட்டுப் பாருங்கள்.

பழைய சேலையின் ஃபால்ஸ் துணி சுருங்கியிருந்தால் கீழ்க்கரை சுருக்கம் சுருக்கமாக இழுபடும். பிரித்துவிட்டு, புதிய ஃபால்ஸை ஓர் இரவு தண்ணீரில் ஊறவிட்டுக் காயவைத்து மினுக்கிய பிறகே தைக்க வேண்டும். ஊறவிடாமல் தைத்தால் அதுவும் இழுக்கும்.

பெட்டியில் வைப்பது

சேலை உங்களோடு மேலே வர வேண்டும். கீழே போகிற பொதி தவறினால் திரும்பக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பல விமானங்களில் கைப்பொதிக்கு 7 கிலோதான்; பழைய சேலை ஒன்று, அதிகம் போனால் இரண்டு என்று முடிவெடுங்கள்.

மடிப்பதைவிடச் சுருட்டுவது நல்லது. சேலையின் அகலம் ஏறக்குறைய 115 முதல் 120 செ.மீ. இரண்டாக மடித்தால் 60 வரும், 55 செ.மீ. கைப்பெட்டிக்குள் போகாது. மூன்றாக மடித்தால் 40, தாராளமாகப் போகும். பழைய மடிப்புக் கோட்டிலிருந்து நாலு விரல் தள்ளி மடியுங்கள். இரண்டு மடிப்புக்குள்ளும் பெருவிரல் தடிப்பில் திரிபோலச் சுருட்டிய பருத்தித் துணியை நீளத்துக்கு வையுங்கள், மடிப்பு கூராக விழாது. சரிகை சரிகையோடு முட்டாதபடி நடுவில் ஒரு பழைய வேட்டித் துணி. கஞ்சி போட்ட வேட்டி ஆகாது. கஞ்சிக்குப் பூச்சி வரும். பிறகு ஒரு துவாயை 10 செ.மீ. தடிப்பில் சுருட்டி, மேலே வேட்டித் துணி சுற்றி, அதன்மேல் சேலையை முந்தானை கடைசியாக வரும்படி தளர்வாகச் சுருட்டுங்கள். 15 செ.மீ. உருளையாக வரும். துணி நாடாவால் கட்டுங்கள். இறப்பர் வளையம் கூடாது, அதிலுள்ள கந்தகம் சரிகையில் கறுப்புக் கோடு போடும்.

பொலித்தீன் பையில் அடைக்காதீர்கள். ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடிக்கும். பருத்தித் தலையணை உறை போதும். நாப்தலின் உருண்டை பட்டிலும் சரிகையிலும் படவே கூடாது. அந்த மணம் கலியாண வீட்டில் உங்களுக்கு முன்னால் நடந்து போகும். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கி.மீ. வீதியால் போகும்போது வானின் கூரையில் கட்டவிடாமல் மடியில் வையுங்கள். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குப் பறப்பவர்கள் பொதி எடையை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், பெரிய விமானத்தின் கணக்கு அங்கே பொருந்தாது.

இறங்கிய பிறகு

சேலையை அன்றே உருளையிலிருந்து எடுத்துக் கட்டிலில் விரித்து, மின்விசிறியின் கீழ் ஓர் இரவு விடுங்கள். பாதிச் சுருக்கம் தானாகப் போய்விடும். மிச்சத்துக்கு அயன் பெட்டி: ஆகக் குறைந்த சூடு, நீராவி இல்லை, உள்பக்கத்தில், நடுவில் பருத்தித் துணி, தேய்க்காமல் வைத்து வைத்து எடுப்பது. வீட்டிலுள்ள பழைய அயன் பெட்டியின் சூட்டுக் குமிழ் சொல்கிறபடி நடக்காது. முதலில் ஒரு கைக்குட்டையில் பாருங்கள். கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ நீராவிக் கருவி கொண்டுபோனால் அது 120 வோல்ட், இலங்கையில் 230. முள்ளை மாற்றுகிற அடாப்டர் மின்னழுத்தத்தை மாற்றாது, கருவி எரிந்துவிடும். பிரித்தானியச் சதுர மூன்றுமுள் புதிய வீடுகளில் நேரே போகும், பழைய வீடுகளில் உருண்டை முள்.

சலவைக் கடையில் ரோல் பொலிஷ் கேட்காதீர்கள். சூடான உருளைக்குள் கஞ்சி தடவி இழுப்பார்கள். புதுச் சேலைக்கு அது மெருகு, நைந்த பட்டுக்கு அதோடு முடிவு.

கட்டும்போது

வாசனைத் தைலம், தலைக்கு எண்ணெய், பவுடர் எல்லாம் சேலைக்கு அரைமணி முன்பே முடியட்டும். உள்பாவாடை பருத்தியில், இறுக்கமாக. சாட்டின் என்றால் சேலை வழுக்கும், வழுக்குவதைப் பிடிக்க ஊக்கு கூடும். கொய்யகத்தை, அதாவது முன்மடிப்புகளை, விரல்நுனியால் இழுத்துச் சீராக்காமல், உள்ளங்கையில் ஏந்தி அடுக்குங்கள். ஊக்கு, ஊரில் சட்டை ஊசி என்பது, துருப்பிடிக்காத புதியதாக இருக்கட்டும். தோளில் ஒன்று, கொய்யகத்தில் ஒன்று, அவ்வளவே. ஊக்கைச் சேலையில் குத்துமுன் அரை அங்குலச் சதுரக் கம்பளித் துண்டு ஒன்றை அதில் கோத்துவிட்டால் துணி ஊக்கின் சுருளுக்குள் சிக்கிக் கிழியாது. தோள் ஊக்கு சட்டையின் அந்தத் தடித்த மூட்டில் இறங்க வேண்டும்.

நிலத்தில் சப்பாணி கட்டி இருக்கும்போதுதான் அதிகம் கிழிகிறது. முழங்காலில் பட்டு இறுகிவிடும். இருக்குமுன் முன்கொய்யகத்தை இரண்டு விரல் உயர்த்தித் தளர்த்திவிட்டு இருங்கள். எழும்பும்போது பாதம் கரையில் இல்லை என்று பாருங்கள்.

விபூதி விழுந்தால் மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். சந்தனம் காயட்டும், பிறகு உதிர்த்துவிடலாம். குங்குமத்தில் தண்ணீர் மட்டும் படக் கூடாது. ஊதியும் தூரிகையால் தட்டியும் எடுங்கள், ஈரக்கையால் துடைத்தால் நிரந்தரமாகப் பதிந்துவிடும். குத்துவிளக்கின் எண்ணெய் பட்டால் வாசனையில்லாப் பவுடரைத் தடிப்பாகத் தூவி, நாலைந்து மணி நேரம் விட்டுத் தூரிகையால் எடுங்கள். இரண்டாம் தரமும் செய்யலாம்.

ஆண்களும், மற்றப் பழைய உடுப்பும்

அப்பப்பாவின் பட்டு வேட்டி சால்வைக்கும் இதே சோதனைதான். இடுப்புச் செருகலும் மடிப்புக் கோடும் பாருங்கள். நல்லூரில் ஆண்கள் மேற்சட்டை இல்லாமல்தான் உள்ளே போக வேண்டும், ஆகவே எழுபதுகளின் அகலக் கழுத்துச் சட்டையை அதற்காகத் தூக்கிச் செல்ல வேண்டாம். பழைய இராணுவ உடுப்பு, மறைப்புப் புள்ளி போட்ட மேலங்கி எதுவும் இலங்கைக்கு வேண்டவே வேண்டாம். புத்தர் உருவம் அச்சிட்ட பழைய சட்டையும் அப்படியே. கையில் புத்தரைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பயணி ஒருவர் 2014இல் நாடுகடத்தப்பட்டார்.

திரும்பும்போது

கழற்றியவுடன் மடிக்காதீர்கள். உட்புறம் வெளியே தெரிய, துணி சுற்றிய தடியில் நிழலில் இரண்டு மூன்று மணி நேரம் போடுங்கள். இரவு முழுக்கத் தொங்கினால் சரிகையின் பாரத்தில் துணி இழுபடும். கம்பிக் கொடியில் துரு ஏறும்.

ஊர் றங்குப்பெட்டியில் இன்னொரு சேலை கிடைத்தால், சித்தி மாமி எல்லோரிடமும் கேட்டுவிட்டே எடுங்கள். ஒரே சேலையை நாலு வீடு நினைத்துக்கொண்டிருக்கும். தமிழ்நாட்டில் 'பழைய பட்டுச்சேலை வாங்கப்படும்' என்ற பலகையைக் கண்டு கொடுத்துவிட வேண்டாம். வெள்ளிக்காகச் சரிகையை எரித்து உருக்குவதற்கு வாங்குகிறார்கள். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறு வருடம் கடந்த பொருளை வெளியே கொண்டுபோக விடாது, அவ்வளவு பழைய சேலை என்றால் முன்பே விசாரியுங்கள். நீங்கள் கொண்டுவந்த சேலையை, புறப்படுமுன் திகதியோடு படமெடுத்து வைத்திருந்தால் கேள்வி வரும்போது உதவும்.

வீடு வந்தபின் ஒருநாள் விரித்து வைத்து, வேறு கோட்டில் மடித்து அலுமாரியில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருதரம் மடிப்பை மாற்றுங்கள். யாருடைய சேலை, எங்கே கட்டியது, எந்த இடத்தில் இழை விடத் தொடங்கியிருக்கிறது என்று ஒரு பருத்தி நாடாவில் எழுதிச் சேலையோடு சேர்த்துச் சுற்றுங்கள். பென்சிலால் எழுத வேண்டும். பேனை மை ஈரத்தில் பட்டுக்குள் இறங்கும்.