புது வரி சேர்த்ததும் எக்செல் சார்ட் தானாக மாற என்ன செய்யலாம்?

தினமும் எடையைக் குறித்து வைக்கிறீர்கள், அதற்கு ஒரு லைன் சார்ட்டும் போட்டாயிற்று. மறுநாள் அடியில் புது எண்ணைச் சேர்த்தால் சார்ட் அசையவே இல்லை. காரணம் எளிது. சார்ட்டில் உள்ள கோட்டைக் கிளிக் செய்து மேலே ஃபார்முலா பாரைப் பாருங்கள்: பி2 முதல் பி31 வரை என்று எல்லை எழுதியிருக்கும். 32-ஆம் வரி அதற்கு வெளியே நிற்கிறது. ஒவ்வொரு முறையும் அந்த எல்லையைக் கையால் இழுத்து மாற்றுவது வீண் வேலை. தரவையே எக்செலின் டேபிளாக (புது வரி சேர்ந்தால் தானாக நீளும் பட்டியலாக) மாற்றிவிட்டால் போதும்.

முதலில் தரவைச் சீராக்குங்கள். முதல் வரியில் தலைப்புகள் (தேதி, எடை), அதன் கீழே இடையில் காலி வரி இல்லாமல் தரவு. தேதிகள் உண்மையான தேதிகளாக இருக்க வேண்டும். நீங்களாக அலைன்மென்ட் மாற்றாதபோது, தேதி செல்லின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். இடப்பக்கம் நின்றால் எக்செல் அதை வெறும் எழுத்தாகப் பார்க்கிறது என்று அர்த்தம்.

அடுத்து, தரவுக்குள் ஏதாவது ஒரு செல்லைக் கிளிக் செய்து கன்ட்ரோல் + டி (Ctrl + T) அழுத்துங்கள். வரும் சின்னப் பெட்டியில் தலைப்பு உண்டு என்பதற்கான டிக் இருக்கிறதா என்று பார்த்து ஓகே கொடுங்கள். இன்சர்ட் மெனுவில் உள்ள டேபிளும் இதே வேலையைத்தான் செய்யும்.

இன்னும் சார்ட் போடவில்லை என்றால், டேபிளுக்குள் நின்றபடி இன்சர்ட் போய் லைன் சார்ட்டைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே இருக்கும் சார்ட்டை அழிக்கத் தேவையில்லை. அது டேபிளின் எல்லா வரிகளையும் காட்டினால், இனி டேபிளோடு சேர்ந்து அதுவும் வளரும். சார்ட் வேறு ஷீட்டில் இருந்தாலும் சரி.

இப்போது கடைசி வரிக்கு நேர் கீழே புதுத் தேதியை எழுதி என்டர் தட்டுங்கள். டேபிளின் நிறம் அந்த வரிக்கும் பரவும். எடையையும் போட்டால் சார்ட்டில் புதுப் புள்ளி வந்துவிடும். ஃபார்முலா பாரில் எல்லை பி32 ஆகியிருப்பதையும் பாருங்கள்.

நிறம் பரவவில்லையா? நடுவில் ஒரு வரி காலியாக விட்டிருக்கலாம். ஷீட் புரொடெக்ட் ஆகியிருந்தாலும் டேபிள் வளராது. அடியில் டோட்டல் வரி இருந்தால், அதற்கு மேல் உள்ள வரியின் கடைசி செல்லில் நின்று டேப் கீயை அழுத்துங்கள், புது வரி பிறக்கும். இவை எதுவும் இல்லை என்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் வழியாகப் போய், தட்டச்சு செய்யும்போதே வடிவமைக்கும் பகுதியில் புது வரிகளை டேபிளில் சேர்க்கும் டிக்கைப் போடுங்கள்.

இணையத்தில் ஆஃப்செட், கவுண்ட்ஏ என்று ஃபார்முலா எழுதும் வழியும் நிறையக் கிடைக்கும். அதுவும் வேலை செய்யும், ஆனால் தொடக்கத்திலேயே அதில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. பிழை வந்தால் எங்கே என்று தேடுவதே பெரும்பாடு.

தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் சார்ட் என்றால் கதை வேறு. டேபிளை மூலமாகக் கொடுத்திருந்தாலும், பெரும்பாலும் டேட்டா மெனுவில் ரெஃப்ரெஷ் ஆல் அழுத்தினால்தான் புது வரிகள் அதில் ஏறும்.

தரவு சேரச் சேர சார்ட் நெருக்கமாகிவிடும். அப்போது தேதித் தலைப்பில் உள்ள ஃபில்டர் அம்பைத் தட்டி இந்த மாதத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். மறைந்த வரிகளை எக்செல் வழக்கமாக வரையாது, அதனால் சார்ட்டிலும் இந்த மாதம் மட்டுமே நிற்கும்.