கொடுமுடிப் பதிகத்தைப் பார்க்காமல் சொல்ல

சுந்தரர் தேவாரத்தில் கொடுமுடிக் கோயிலைப் பாடிய பதிகம் இது. பத்துப் பாட்டு, பாட்டுக்கு நாலு அடி, ஆக நாற்பது அடி. தினம் கால் மணி நேரம் ஒதுக்கினால் யாருக்கும் வாய்க்கு வந்துவிடும். "வயசாயிப் போச்சுங்க டீச்சர், மண்டையில எதுவும் நிக்கமாட்டேங்குது" என்று இழுக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பதிகம் நிற்கிற இடம் மண்டை என்று யார் சொன்னது? கொடுமுடிக்கு வந்த சுந்தரர் "உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே" என்றுதானே பாடினார். நான் மறந்தாலும் நாக்கு சொல்லும் என்கிறார். அந்த நாக்கைப் பழக்குகிற வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நடுநிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது பொழுதோட எங்கள் வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், பிள்ளைகளும், மஞ்சள் காட்டு வேலை முடித்து வருகிற அம்மிணிகளும் உட்காருகிறார்கள். கொங்கு நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் ஏழில் எங்கள் பக்கத்துக்கு வாய்த்தது கொடுமுடி. ஏழாம் திருமுறையில் 48-ஆம் பதிகம் அது. அதையே முதலில் எடுக்கச் சொல்வேன். ஊர்ப் பாசம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் மனப்பாடம் பழகுகிறவர் கற்க வேண்டிய வித்தைகளெல்லாம் இந்த ஒரு பதிகத்திலேயே இருக்கின்றன.

முதலில் புத்தகம். தேவாரப் புத்தகங்களில் இரண்டு வகை அச்சு உண்டு. ஒன்று ஓசை அளவு பார்த்துச் சீர் பிரித்தது, இன்னொன்று பொருள் பார்த்துச் சொல் பிரித்தது. "நற்ற வாஉனை நான்ம றக்கினுஞ் சொல்லும் நாநமச்சி வாயவே" என்று இருந்தால் சீர் பிரித்தது. ஒரு பொடியன் இதைப் படித்துவிட்டு, "டீச்சர், றக்கினுமுன்னா என்னங்க?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. பொருள் தெரிய வேண்டுமானால் சொல் பிரித்ததைப் பாருங்கள். வாய்க்குப் பழக்கும்போது சீர் பிரித்ததையே கையில் எடுங்கள். நாக்கு சீர்க்கணக்கில்தான் நடக்கும், இலக்கணக் கணக்கில் நடக்காது.

பண் பழம்பஞ்சுரம், சங்கராபரணத்தை ஒட்டி ஓதுவார்கள் பாடுவார்கள். இரண்டு மூன்று முறை கேளுங்கள், போதும். அப்புறம் ராகத்தை விட்டுவிட்டு வெறும் பேச்சுக் குரலில் சொல்லிப் பழகுங்கள். ராகத்தோடேயே கற்றவர்கள் தொண்டை கட்டிய அன்றைக்குப் பாட்டையும் தொலைத்துவிட்டு நிற்பார்கள்.

ஒரு அடியை மூன்று முறை பார்த்துச் சத்தமாகச் சொல்லுங்கள். உடனே புத்தகத்தை மூடுங்கள். மூடிய பிறகு தட்டுத்தடுமாறிச் சொல்கிறீர்களே, அந்தத் தடுமாற்றம்தான் வேலை செய்கிறது. பார்த்துப் பார்த்துப் படிக்கிறவர்களுக்கு எல்லாம் வந்துவிட்டது போல ஒரு மயக்கம் வரும். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். எங்கள் காலத்து வாத்தியார்கள் ஸ்லேட்டைக் கவிழ்த்து வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

முணுமுணுப்பு உதவாது. பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கேட்க வேண்டும். கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தரம்பாள் பாடியதைக் கேட்டிருப்பீர்கள். எவ்வளவு உச்சத்துக்குப் போனாலும் ஒரு மெய்யெழுத்தை விழுங்கமாட்டார். அந்தத் தொண்டை நமக்கில்லை, மெய்யெழுத்தாவது இருக்கட்டும்.

இனி எதுகை. இதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. முதல் பாட்டின் நாலு அடிகளும் எப்படித் தொடங்குகின்றன என்று பாருங்கள்: மற்று, பெற்றலும், கற்றவர், நற்றவா. எல்லாவற்றிலும் இரண்டாவது எழுத்து "ற்". இரண்டாம் பாட்டில் இட்டன், கெட்ட, வட்ட, நட்டவா. மூன்றாவதில் ஓவு, காவு, பாவு, நாவலா. ஒரு அடி முடிந்ததும் அடுத்தது வராமல் நிற்கிறீர்களா? நிமிர்ந்து கூரையைப் பார்க்காதீர்கள். பாட்டின் முதல் சொல்லை மறுபடி சொல்லுங்கள். அதன் இரண்டாவது எழுத்து அடுத்த அடியை இழுத்து வந்துவிடும். எழுதி வைத்துப் படிக்கிறவர்களுக்கு எதுகை ஒரு அழகு. பார்க்காமல் சொல்கிறவர்களுக்கு அதுதான் பிடிமானம்.

கடைசி அடி எல்லாப் பாட்டிலும் ஒன்றுதானே என்று அசட்டையாக இருக்காதீர்கள். "உனை நான் மறக்கினும்" என்பதிலிருந்துதான் ஒன்று. அதற்கு முந்திய விளி பாட்டுக்குப் பாட்டு மாறும்: நற்றவா, நட்டவா, நாவலா, நாலாவதில் வல்லவா. அங்கேயும் எதுகைதான் காவல்.

இப்போது இந்தப் பதிகத்தில் எல்லோரும் விழுகிற குழிக்கு வருகிறேன். இரண்டாம் பாட்டில் "கெட்ட நாள் இவை என்றலால் கருதேன் கிளர்புனல் காவிரி" என்று வரும். மூன்றாம் பாட்டில் "காவு நாள் இவை என்றலால் கருதேன் கிளர்புனல் காவிரி". அதே சொற்கள், அதே இடம். இரண்டாம் பாட்டைச் சொல்லிக்கொண்டே போகிறவர் காவிரிக்கு வந்ததும், மடை திரும்பிய தண்ணீர் மாதிரி, தனக்கே தெரியாமல் மூன்றாம் பாட்டுக்குள் பாய்ந்துவிடுவார். "வட்ட வாசிகை" வர வேண்டிய இடத்தில் "பாவு தண்புனல்" வந்து நிற்கும். ஒரு பாட்டு அப்படியே காணாமல் போகும், கேட்கிறவர்களுக்கும் தெரியாது.

இதற்கு மருந்து: இரண்டு பாட்டையும் ஒரே நாளில் கற்காதீர்கள். இரண்டாவது நன்றாக ஊறிய பிறகு மூன்றாவதைத் தொடுங்கள். பிறகு அந்த இரண்டு திருப்பங்களை மட்டும் பிய்த்து எடுத்து, "கெட்ட நாள்... காவிரி, வட்ட", "காவு நாள்... காவிரி, பாவு" என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். "கெட்ட" என்று வாய் சொல்லும்போதே "வட்ட" காதில் கேட்க வேண்டும்.

அடுத்த சிக்கல், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் உள்ள கணு. அந்தாதியாக இருந்தால் ஒரு பாட்டு முடிகிற சொல்லிலேயே அடுத்தது தொடங்கும், பயமில்லை. இங்கே முதல் ஒன்பது பாட்டும் "நமச்சிவாயவே" என்றே முடிகின்றன. முடிவு எந்தத் துப்பும் தராது. அதனால் விரல்களில் ஏற்றிவிடுங்கள். இடது சுண்டுவிரல் மற்று, மோதிரவிரல் இட்டன், நடுவிரல் ஓவு, ஆள்காட்டி எல்லை, கட்டைவிரல் அஞ்சினார். வலது கையில் கட்டைவிரலில் தொடங்கி ஏடு, விரும்பி, செம்பொன், சாரணன், கோணிய. விரலை மடக்கும்போது முதல் சொல் வந்துவிட்டால் மீதியை எதுகை பார்த்துக்கொள்ளும்.

மூன்றாம் பாட்டைப் பற்றி ஒரு சண்டையே நடந்தது. "ஓவு நாள், உணர்வு அழியும் நாள், உயிர் போகும் நாள், உயர் பாடைமேல் காவு நாள்" என்று அதில் வரும். உன்னை மறந்திருந்த நாள் எனக்கு மூச்சு நின்ற நாள், பாடையில் தூக்கிப் போன நாள் என்று பொருள். ஒரு பிள்ளையின் அப்பத்தா நேராகவே வந்துவிட்டார். "ஏனுங் டீச்சரம்மா, வெளக்கு வெக்கற நேரத்துல கொழந்த வாயில பாடை கீடைன்னு வரலாமுங்களா? அந்த ஒண்ண மட்டும் உட்டுருங்க சாமி." விடவில்லை. அந்த ஒன்றை எடுத்துவிட்டால் பதிகத்தில் எலும்பே இல்லை. "நீங்களே பக்கத்துல உக்காந்து கேளுங்க ஆத்தா" என்றேன். ஒரு வாரத்தில் பேரனைவிட அவர்தான் முந்திக்கொண்டார். பத்தாம் பாட்டின் "சொல்லுவார்க்கு இல்லை துன்பமே" என்ற முடிவு வந்ததும், "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமல்லோ" என்று என்னைக் கேட்டார்.

பொருளை எப்போது சொல்வது என்று கேட்பீர்கள். பிள்ளைகளுக்கு வாய்க்கு வந்த பிறகு. பெரியவர்களுக்கு முதலிலேயே, இல்லாவிட்டால் அவர்கள் உட்காரவே மாட்டார்கள். திருக்குறள் முற்றோதலுக்கு அரசு பரிசு தருவதால் 1330 குறளையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். பெரிய காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் நடுவில் நிறுத்தி "இதற்கு முந்திய குறள் எது?" என்று கேட்டால் பலர் முழிக்கிறார்கள். வேகம் ஓட்டைகளை மறைத்துவிடும். மெதுவாகச் சொல்லிப் பார்த்தால்தான் எது வந்தது, எது வரவில்லை என்று தெரியும்.

நிதானத்துக்குப் பாடம் வேண்டுமானால் நம் பக்கத்துக் கல்யாணத்தில் குடிமகன், அதாவது ஊர் நாவிதர், மங்கல வாழ்த்துச் சொல்வதைக் கேளுங்கள். கம்பர் பாடியதென்று வழிவழியாகச் சொல்கிற பாட்டு, நீளமானது. இடையிடையே மத்தளத்தில் ஒரு தட்டு விழும். அந்தத் தட்டுக்குள் மூச்சும் வந்துவிடும், அடுத்த அடியும் வந்துவிடும். நீங்களும் அடி முடிந்ததும் தொடையில் ஒரு தட்டுத் தட்டி நிறுத்துங்கள்.

வந்துவிட்டது என்று தோன்றியதும் கெடுத்துப் பாருங்கள். வெங்காயம் உரிக்கும்போது சொல்லுங்கள், தறிச் சத்தத்தில் சொல்லுங்கள், வீட்டுப் பிள்ளையைக் குறுக்கே பேசச் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். ஏழாம் பாட்டிலிருந்து தொடங்குங்கள். எங்கே அறுந்தது என்று பார்த்து அந்த இடத்தை மட்டும் தையுங்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பித்தால் முதல் பாட்டு மட்டும்தான் பளபளக்கும்.

சபையில் நின்றுவிட்டால் மன்னிப்புக் கேட்காதீர்கள். "நமச்சிவாயவே" என்ற அடியை நிதானமாக ஒருமுறை சொல்லிவிட்டு விரலை மடக்குங்கள்.

இது முடிந்ததும் திருமுருகன்பூண்டிக்குப் போங்கள். திருமுறையில் அடுத்த பதிகமே அதுதான், அதே பழம்பஞ்சுரம். "கொடுகு வெஞ்சிலை வடுக வேடுவர்" என்று தொடங்கி, "திடுகு மொட்டெனக் குத்தி" வழிப்பறி நடக்கிற இடம் என்று போகும். நாக்கு சுளுக்கும், பிள்ளைகளுக்குப் பிடித்த பதிகம் அதுதான்.