கை வைத்த நாற்காலி: சிற்றூரில் முதியோர் மன்றம் நடத்துகிறவர்கள் செய்யும் தவறுகள்

எங்கள் ஊர் தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கும் ஒரு பேரூராட்சி. ஆண்களுக்கு வயல், பெண்களுக்குப் பீடித் தட்டு என்று பிழைத்த ஊர். பிள்ளைகள் சென்னை, திருப்பூர், வளைகுடா என்று போய்விட்டார்கள். தெருவுக்கு நாலு வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மூத்த குடிமக்கள் மன்றம் ஒன்றைத் தொடங்கினோம். முதல் கூட்டத்துக்கு நாற்காலி போதாமல் கல்யாண மண்டபத்தில் இரவல் வாங்கினோம். நான்காம் மாதம் வருகைப் பதிவேட்டில் ஒன்பது கையெழுத்து. அதில் மூன்று நிர்வாகிகளுடையது.

2011 கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டு மக்களில் 10.4 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்திருந்தார்கள். கேரளத்துக்கும் கோவாவுக்கும் அடுத்த இடம். அதனால் இப்படியொரு மன்றமோ பகல்நேர மையமோ தொடங்கும் எண்ணம் பல ஊர்களில் வருகிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் அரசே 25 இடங்களில் 'அன்புச்சோலை' என்ற பகல்நேர மையங்களை அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் கட்டடமும் பெயர்ப்பலகையும் வந்ததும் ஆட்கள் தாமாக வந்துவிடுவார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாங்கள் அப்படி நினைத்தோம். கீழே வருபவற்றில் பாதிக்கு மேல் நாங்களே செய்த தவறுகள்.

பொன்னாடையில் தொடங்குவது

அக்டோபர் 1 உலக முதியோர் தினம். அன்றைக்கு விழா வைத்து, சிறப்பு விருந்தினரை அழைத்து, எண்பது வயதைக் கடந்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. வருடம் முழுவதற்குமான வேலை அதோடு முடிந்ததாக நினைப்பதுதான் தப்பு. எங்கள் முதல் விழாவில் பேச்சு ஒன்றரை மணி நேரம் ஓடியது. கீழே இருந்தவர்களில் பலர் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள். சாப்பாட்டு நேரம் தாண்டி ஒரு பெரியவருக்கு மயக்கம் வந்த பிறகுதான் மேடையில் இருந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

மருத்துவ முகாமும் இப்படித்தான் போகும். ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். 'சர்க்கரை கூடுதல், டாக்டரைப் பாருங்கள்' என்று சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். எந்த டாக்டர், எந்தக் கிழமை, யார் கூட்டிக்கொண்டு போவது? சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் செருகப்பட்டுவிடும். தென்மாவட்டங்களில் கண் முகாம் மட்டும் ஏன் எடுபட்டது என்று யோசித்துப் பாருங்கள். 1976-ல் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, முகாமில் கண்புரை என்று கண்டவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், அறுவை சிகிச்சை செய்து, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விட்டது. முகாமுக்கு அடுத்த நாள் என்ன என்பதற்கு அவர்களிடம் பதில் இருந்தது.

அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் புதிதாக முகாம் போட வேண்டிய தேவையே இல்லாத ஊர்கள் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்த மாத்திரைகளை வீட்டுக்கே வந்து தருகிறார்கள். அந்தப் பட்டியலில் விட்டுப்போனவர்கள் யார் என்று தெருத்தெருவாகக் கேட்டு, சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தாலே மன்றம் நடத்துவதற்கு அர்த்தம் வந்துவிடும். அதற்கு மேடை, மைக், பந்தல் எதுவும் வேண்டாம்.

இலவசமாகக் கிடைத்த இடம்

எங்களை ஏறக்குறையக் கவிழ்த்தது இதுதான். ஒரு சங்கக் கட்டடத்தின் மாடியை வாடகையில்லாமல் கொடுத்தார்கள். நாங்களும் கும்பிட்டு வாங்கிக்கொண்டோம். இருபத்திரண்டு படி. கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். கழிப்பறை கீழே கொல்லைப்புறத்தில், குத்தவைத்து உட்காரும் வகை. அதற்கு விளக்கும் கிடையாது.

கூட்டத்துக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்த ஒரு ஆச்சியிடம், 'ஏன் காபி வேண்டாம் என்கிறீர்கள்?' என்று ஒருநாள் கேட்டேன். 'கூட்டம் என்றால் காலையிலிருந்தே தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன், தம்பி. குடித்தால் இறங்க வேண்டும். இறங்கினால் ஏற முடியாது' என்றார். அவர் அழுத்தத்துக்கு நீர் மாத்திரை போடுகிறவர். சித்திரை வெயிலில், நாங்கள் 'முதுமையில் ஆரோக்கியம்' பற்றிப் பேச ஏற்பாடு செய்த கூட்டத்துக்காக, அவர் அரைநாள் தாகத்தோடு உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்கவில்லை.

அடுத்தது நாற்காலி. பந்தல்காரர் தருவது கையில்லாத பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வசதி. மூட்டுவலிக்காரர் ஒருவர் அதிலிருந்து எழுந்திருப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் விளிம்புக்கு நகர்வார். இரண்டு கையும் பக்கவாட்டில் எதையோ தேடும். ஒன்றும் அகப்படாமல் முன்னால் இருப்பவரின் நாற்காலி முதுகைப் பிடிப்பார். அது சாயும். கை வைத்த, கொஞ்சம் உயரமான நாற்காலி என்றால் இந்தச் சங்கடமே இல்லை. பொன்னாடைச் செலவை இரண்டு வருடம் நிறுத்தி இருபது நாற்காலி வாங்கினோம். மன்றம் செய்த செலவிலேயே உருப்படியானது அதுதான் என்பேன்.

இப்போது நூலகத்தை ஒட்டிய ஒரு வீட்டுத் திண்ணையும் முன்னறையும் எங்களுக்குப் போதும். தரைத்தளம், இரண்டே படி, உட்காரும் கழிப்பறை, சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. மைக்கை எடுத்துவிட்டோம். காது மந்தமானவர்களுக்கு மைக்கின் இரைச்சலைவிட, எதிரே உட்கார்ந்து முகம் தெரியப் பேசினால்தான் புரிகிறது. எல்லாப் பெரியவர்களிடமும் கத்திப் பேசும் பழக்கத்தையும் தொண்டர்கள் விட்டாக வேண்டும். பாதிப் பேருக்குக் காது நன்றாகவே கேட்கிறது.

பதிவேட்டில் இல்லாத பெண்கள்

முதல் வருடப் பதிவேட்டைப் புரட்டினால் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஓய்வுபெற்ற தாசில்தார் அலுவலக ஊழியர், ஓய்வுபெற்ற மின்வாரியத்துக்காரர் என்று வரிசை. 'சார், வணக்கம்' என்று ஆரம்பித்து ஓய்வூதிய நிலுவையில் முடியும் பேச்சு. ஊரிலோ தனியாக இருப்பவர்களில் பெரும்பாலோர் பீடி சுற்றியும் நாற்று நட்டும் கை தேய்ந்த பெண்கள். 'அது பென்ஷன்காரர்கள் சங்கம், எங்களுக்கு என்ன?' என்பது அவர்கள் பேச்சு.

நேரம் ஒரு காரணம். மாலை நான்கு மணிக்குக் கூட்டம் வைத்தோம். அப்போதுதான் பேரப்பிள்ளை பள்ளிவிட்டு வரும், குழாயில் தண்ணீரும் வரும். பதினொரு மணிக்கு மாற்றியதும் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிற பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. அந்தப் பஸ் வந்து போகும் நேரத்தை ஒட்டிக் கூட்டம் வைத்தால் ஆட்டோச் செலவு மிச்சம். சந்தாவும் ஒரு காரணம். மாதம் ஐம்பது ரூபாய் என்றால் ஓய்வூதியருக்கு ஒரு பொருட்டில்லை. முதியோர் உதவித்தொகை மட்டும் வாங்குகிறவருக்கு அது நாலு நாள் பால். இப்போது முடிந்தவர் உண்டியலில் போடுகிறார், யார் போட்டார் என்று யாரும் பார்ப்பதில்லை.

பொழுதுபோக்கு என்றாலே பஜனை என்று முடிவு கட்டுவதும் கூடாது. ஊரில் பள்ளிவாசலும் இருக்கிறது, மாதா கோவிலும் இருக்கிறது. பக்தியே இல்லாத கிழவர்களும் இருக்கிறார்கள், அவர்கள்தான் பேச்சுக்குச் சுவை. தரையில் பாய் விரித்து யோகா என்று ஒரு முறை அறிவித்தோம். உட்கார்ந்தவர்களைத் தூக்கிவிட ஆள் தேட வேண்டியதாயிற்று. நாற்காலியில் இருந்தபடியே கை கால் அசைக்கும் பயிற்சி போதும். மற்றபடி பல்லாங்குழியும் தாயமும் ஆடுபுலி ஆட்டமும் நாங்கள் சொல்லாமலே தொடங்கிவிட்டன. தாயத்தில் இவர்கள் செய்யும் கள்ளத்தனத்தைத் தனியாக எழுத வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே அறிவிப்பு

அரசு உதவிகளைப் பெற்றுத் தருவதில்தான் மன்றத்துக்கு மதிப்பு வருகிறது. தவறு நடப்பதும் அங்கேதான் அதிகம். 'நவம்பரில் எல்லோரும் உயிர்ச்சான்று கொடுங்கள்' என்று பலகையில் எழுதி வைத்தோம். மத்திய அரசு ஓய்வூதியருக்குத்தான் நவம்பர். அவர்களிலும் 80 வயதானவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். மாநில அரசு ஓய்வூதியருக்கு அவர் பணி ஓய்வு பெற்ற மாதத்தில் நேர்காணல். வருங்கால வைப்புநிதி ஓய்வூதியர் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். பலகையை நம்பி இருந்த ஒருவருக்கு இரண்டு மாதப் பணம் நின்றது. எங்கள் மேல் அவர் கோபப்பட்டது நியாயம். இப்போது ஆளுக்கு ஒரு வரி என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.

பீடி சுற்றிய விரலில் ரேகை சரியாக விழாது. இலையும் தூளும் நாற்பது வருடம் தேய்த்த விரல். நாலு முறை அழுத்தியும் இயந்திரம் ஏற்காவிட்டால், அந்த அம்மாள் ஏதோ தப்புச் செய்தவர்போலக் கூசிப்போவார். உயிர்ச்சான்றை முகத்தைக் காட்டிப் பதியும் வசதி 2021 முதல் இருக்கிறது. தபால்காரரே வீட்டுக்கு வந்து 70 ரூபாய் கட்டணத்தில் பதிந்து தருவார். ரேஷன் கடைக்கு வர முடியாதவர் தமக்குப் பதில் இன்னொருவரை அனுப்பப் படிவம் உண்டு. 2025 ஆகஸ்டில் தொடங்கிய 'தாயுமானவர்' திட்டத்தில் 70 வயதைக் கடந்தவர்களுக்குப் பொருள் வீட்டுக்கே வர ஏற்பாடானது. இதையெல்லாம் அறிவிப்பாகப் படித்துவிட்டுப் போகாமல், ஒருவர் கூடவே போய் முடித்துக் கொடுக்க வேண்டும்.

முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. மனு தள்ளுபடியாவது பெரும்பாலும் சின்னக் காரணங்களில்தான். ஆதாரில் முத்தம்மாள், ரேஷன் அட்டையில் முத்தம்மா, வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயரையும் சேர்த்து வேறொன்று. அல்லது ஆதார் எடுக்கும்போது குத்துமதிப்பாகச் சொன்ன வயது. இ-சேவை மையத்துக்குப் போகும் முன் இந்த மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆறு மாத அலைச்சல் மிச்சம்.

உதவ வரும் இளைஞர்கள் பெரியவர்களின் போனை வாங்கி ஓடிபி பார்ப்பதும், ஆதார் நகல்களைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவதும் வேண்டாம். அவர்கள் நல்ல பிள்ளைகளாகவே இருக்கட்டும். இன்று இவரிடம் எண்ணைச் சொல்லிப் பழகியவர், நாளை 'வங்கியிலிருந்து பேசுகிறேன்' என்பவனிடமும் சொல்வார். பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. மற்ற உதவிகளுக்கு முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை.

பஞ்சாயத்து பண்ணுவது

ஓர் அம்மாவுக்கு மகன் சாப்பாடு போடுவதில்லை என்று கேள்விப்பட்டு, மகனை மன்றத்துக்கே வரவழைத்துக் கேட்டோம். எங்களுக்கு நியாயம் செய்துவிட்ட திருப்தி. அம்மா அதற்குப் பிறகு வரவே இல்லை. வழியில் பார்த்தபோது, 'என் பிள்ளையை நாலு பேர் முன்னால் நிறுத்திவிட்டீர்களே' என்றார்.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, பெற்றோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட முடியும். ஆனால் மனு கொடுப்பதா வேண்டாமா என்பது அந்த அம்மாவின் முடிவு. வழி இருக்கிறது என்று தனியாக, மெதுவாகச் சொல்லிவைப்பதோடு நம் வேலை நிற்க வேண்டும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே, எல்லோரிடமும், திரும்பத் திரும்பச் சொல்லலாம்: வீட்டைப் பிள்ளை பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதுவதானால், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பார்த்துக்கொள்ளாவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு கைகொடுக்கும். வாய்ச்சொல்லை நம்பி எழுதிக் கொடுத்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

வராதவரை விட்டுவிடுவது

வந்தவர்களின் கணக்கைத்தான் பதிவேடு சொல்லும். இரண்டு வாரம் ஒருவர் பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருந்தால் யாராவது வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற வழக்கத்தை நாங்கள் மிகத் தாமதமாகத்தான் கொண்டுவந்தோம். அதற்கு முன் ஒரு பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்து ஒரு மாதம் படுக்கையில் கிடந்திருக்கிறார். நாங்கள் அவருக்குக் கூட்டத்துக்கு வர விருப்பமில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

இப்போது அந்த வேலையைப் பார்ப்பது மாடிப்படி ஆச்சிதான். நோட்டு அவரிடம் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் பெயருக்குப் பதில் தெருவையும் வீட்டு வாசலில் இருக்கும் மரத்தையும் வைத்து அவராக ஓர் அடையாளம் போட்டு வைத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை கூட்டம் முடிந்ததும் காபி குடித்துவிட்டு, முருங்கை மரத்து வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுவார்.